வென்டிலேட்டரில் இருக்கும் அண்ணனை வேறு மருத்துவமனைக்கு மாற்றுகிறார்கள், வழியில் ஏதாவது ஆகுமா?

சரண்யா_ஈசூன் | மாலை 7:10

ஐசியூவில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். கை கால் ஓடவில்லை.

என் அண்ணனுக்கு 44 வயது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். போன வாரம் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் என்று பாலிகிளினிக்கில் மருந்து வாங்கி வந்தார். திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. அம்புலன்சுக்கு 995 கூப்பிட்டோம். ஈசூன் மருத்துவமனையில் ஏ அண்ட் ஈ என்ற அவசரப் பிரிவிலிருந்து நேராக ஐசியூ. வாயில் ட்யூப், வென்டிலேட்டர். நேற்றிலிருந்து குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஏறவில்லையாம். ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ மெஷின் போட வேண்டும், அது இங்கே இல்லை, வேறு மருத்துவமனையிலிருந்து ஒரு குழு வந்து இங்கேயே மெஷினை மாட்டி, அதோடு அழைத்துப் போகும் என்று டாக்டர் சொன்னார்.

மதியம் ஒரு மணிக்கு அண்ணி கையெழுத்துப் போட்டார். இப்போது ஏழு தாண்டிவிட்டது, இன்னும் கிளம்பவில்லை. அவ்வளவு அவசரம் என்றால் ஏன் இத்தனை நேரம்? பெரியப்பா வேறு, "மெஷின்ல இருக்குற புள்ளைய ரோட்டுல இழுத்துக்கிட்டுப் போனா பாதி வழியில போயிரும், விடாதீங்க" என்று போனில் அழுகிறார். அண்ணி இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். கூட அந்த வண்டியில் அண்ணி ஏறலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாலதி_சிஸ்டர் | மாலை 7:48

சரண்யா, நான் ஐசியூ நர்ஸ். இப்படி நோயாளிகளை இடம் மாற்றும் குழுவோடு பல வருஷமாகப் போய்வருகிறேன். உங்கள் அண்ணனை நான் பார்த்ததில்லை, அதனால் அவரைப் பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது என்ன நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.

முதலில் தாமதம். ஒரு மணியிலிருந்து அவரைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அண்ணி நினைக்க வேண்டாம். இரண்டு மருத்துவமனை டாக்டர்களும் போனில் பேசி முடிவெடுக்க வேண்டும். எக்மோ சிங்கப்பூரில் எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. ஊட்ரம், கெண்ட் ரிட்ஜ், நொவீனா பகுதிகளில் இருக்கிற மாதிரி பெரிய மருத்துவமனைகளில்தான். அங்கே ஐசியூவில் ஒரு படுக்கை காலியாக வேண்டும். ரத்த வங்கியில் ரத்தம் தயாராக வேண்டும். டாக்டர், மெஷினை ஓட்டும் பெர்ஃபியூஷனிஸ்ட், நர்ஸ் எல்லோரும் சேர வேண்டும். வந்த பிறகு உங்கள் அண்ணனை மெதுவாக மல்லாக்கத் திருப்பி, தொடை இடுக்கில் உள்ள பெரிய சிரையில் குழாய் போடுவார்கள். 23 ஃபிரெஞ்ச் என்று நாங்கள் சொல்லும் அந்தக் குழாய் கிட்டத்தட்ட எட்டு மில்லிமீட்டர் தடிமன். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளுவார்கள். இதை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் பார்த்தால் தெரியும்: உடம்பிலிருந்து வெளியே போகிற குழாயில் ரத்தம் கறுத்த அரக்கு நிறம், திரும்பி வருகிற குழாயில் நல்ல சிவப்பு. நிமிஷத்துக்கு நான்கு லிட்டர் வரை ஓடும். ஒரு ஆளின் உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர்தான் ரத்தம். நுரையீரல் செய்ய வேண்டிய வேலையை வெளியே இருக்கிற அந்தப் பெட்டி எடுத்துக்கொள்கிறது. வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

அதற்கப்புறம்தான் பயணத்துக்கான வேலை. வார்டு மெஷின்களையெல்லாம் கழற்றிச் சிறிய மெஷின்களுக்கு மாற்றுவோம். மாற்றிய உடனே கிளம்ப மாட்டோம். கால் மணி நேரமாவது அறையிலேயே வைத்துப் பார்ப்போம். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நோராட்ரினலின் மருந்து சொட்டுச் சொட்டாக ஒரு பம்பில் போய்க்கொண்டிருக்கும். அது சில நொடி நின்றால்கூட அழுத்தம் இறங்கிவிடும் நோயாளிகள் உண்டு. அதனால் புது சிரிஞ்சு நிரப்பி, இரண்டாவது பம்பை ஓடவிட்ட பிறகுதான் பழையதை நிறுத்துவோம்.

ஆக்சிஜன் கணக்கையும் சொல்கிறேன், பெரியப்பாவிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் தைரியம் வரும். வென்டிலேட்டரில் மட்டும் போகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் மூச்சு, மெஷின் ஓட ஒரு லிட்டர். மணிக்கு 660 லிட்டர். நாங்கள் ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு போகிற ஈ சைஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 680 லிட்டர். ஆக ஒரு சிலிண்டர் ஒரு மணி நேரத்துக்குச் சரியாகப் போய்விடும். ஊட்ரம் போகிறார்கள் என்று வைத்தால், ஈசூனிலிருந்து அரை மணி நேரப் பாதைதான். ஆனால் லிஃப்டுக்குக் காத்திருப்பது, வண்டியில் ஏற்றுவது, இறக்குவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்று வைத்து, அதை இரண்டால் பெருக்கித்தான் எடுத்துப் போவோம். வண்டிக்குள் இருக்கும் பெரிய சிலிண்டர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இதையெல்லாம் தாண்டி, தலைமாட்டில் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை ஒன்று எப்போதும் தொங்கும். எக்மோ பம்புக்கு மின்சாரம் போனாலும் கையால் சுற்றி ஓட்டக் கைப்பிடி இருக்கும்.

படுக்கையிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுகிற அந்த அரை நிமிஷம்தான் எனக்கு எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நேரம். தலைமாட்டில் இருக்கிற டாக்டர் ட்யூபைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார். ஒருவர் எக்மோ குழாய்களை மட்டும் பிடித்திருப்பார். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்க மாட்டோம், போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது. எண்ணி முடிக்கும் முன் யாராவது "பொறுங்க" என்றால் எல்லோரும் நின்றுவிடுவோம். அப்படிச் சொல்வது புதிதாகச் சேர்ந்த நர்ஸாக இருந்தாலும் சரி.

இப்போது ஆபத்து. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். குழாய் இழுபடலாம், அழுத்தம் இறங்கலாம், மெஷின் மக்கர் செய்யலாம். ஆனால் நூறு சதவீத ஆக்சிஜனிலும் ஏறாத நுரையீரலோடு அங்கேயே இருப்பதும் ஆபத்துதான், அதில் கைவசம் மாற்று வழியும் தீர்ந்துவிட்டது. 2009-இல் லேன்செட் மருத்துவ இதழில் பிரிட்டனின் சீசர் ஆய்வு வந்தது. இதே மாதிரி நுரையீரல் செயலிழந்த 180 பேர். பாதிப் பேரை எக்மோ இருக்கும் லெஸ்டர் மருத்துவமனைக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பெரிய ஊனம் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் லெஸ்டர் பக்கம் 63 சதவீதம், மறுபக்கம் 47. அந்த 90 பேரில் எக்மோ போட்டது 68 பேருக்குத்தான். மற்றவர்களில் பலருக்கு அங்கே மெஷினே தேவைப்படவில்லை. பழக்கப்பட்ட கைகளிடம் போய்ச் சேருவதே ஒரு சிகிச்சை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அப்போது நோயாளிகளை வென்டிலேட்டரில் மட்டும் வைத்து அழைத்துப் போனார்கள், லெஸ்டர் போய்ச் சேரும் முன்பே சிலர் இறந்துபோனார்கள். உங்கள் அண்ணனுக்கு மெஷினை முதலில் மாட்டிவிட்டுத்தான் நகர்த்தப் போகிறார்கள். ஆக்சிஜன் குறைவு பெரும்பாலும் பயணத்துக்கு முன்பே சரியாகிவிடும்.

அண்ணி வண்டியில் ஏற விட மாட்டார்கள், உள்ளே ஆட்களும் மெஷின்களும் நிறைந்திருக்கும். டாக்சியில் போகச் சொல்லுங்கள், வண்டியைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் பார்க்க விட மாட்டார்கள், எல்லாவற்றையும் திரும்ப மாட்டி எக்ஸ்ரே எடுத்து முடிக்க ஒரு மணி நேரம், சில சமயம் கூடுதலாகவே ஆகும். கிளம்பும் முன் அவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மயக்க மருந்தில் இருந்தாலும் பக்கத்தில் நின்று பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அண்ணன் இடுப்பில் அரைஞாண் கயிறு, கையில் கோயில் கயிறு இருந்தால் இப்போதே நர்ஸிடம் சொல்லிக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். குழாய் போடும் இடத்துக்கு மேலேயே அரைஞாண் இருக்கும், அவசரத்தில் கத்தரித்துக் குப்பையில் போய்விடும். அதைத் தேடி அழுத ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். மோதிரமும் அப்படித்தான், விரல் வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

யாராவது மணிக்கொரு தரம் வெளியே வந்து உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் அது முடியும், செய்ய வேண்டும். போய்க் கேளுங்கள், தயங்காதீர்கள்.


வீரா_வண்டி | இரவு 8:15

சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. நான் தனியார் அம்புலன்ஸ் ஓட்டுகிறவன். மருத்துவமனைக் குழு ஏறும், வண்டி எங்களுடையது. ரோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தங்கச்சி, இந்த மாதிரிப் பயணத்தில் நாங்கள் பறக்க மாட்டோம். சைரன் கேட்டால் வேகமாகப் போகிறோம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். வழி விடச் சொல்லத்தான் சைரன், ஒரே சீராகப் போகவேண்டும் என்பதற்காக. நோயாளியின் தலை முன்பக்கம் இருக்கும். நான் சட்டென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் ரத்தம் கால் பக்கம் போகும், அழுத்தம் இறங்கும். பிரேக் அடித்தால் தலைப்பக்கம் ஏறும். பின்னால் மானிட்டர் கத்துவதைக் கேட்டே என் கால் எப்படி மிதித்தது என்று தெரிந்துவிடும்.

ஈசூனிலிருந்து தெற்கே வர லெந்தோர் அவென்யூ பக்கத்தை முடிந்தவரை தவிர்ப்பேன். வடக்கு-தெற்கு இணைப்புச்சாலை கட்டுமானத்தால் அங்கே தடம் வளைந்து வளைந்து மாறும், இரும்புத் தகடுகள் மேல் ஏறி இறங்க வேண்டும். எஸ்எல்இ விரைவுச்சாலையில் ஏறி சிடிஇ விரைவுச்சாலையில் இறங்கினால் தூரம் கூடினாலும் ஓட்டம் சீராக இருக்கும். ஊட்ரம் என்றால் கம்போங் ஜாவா, சின் ஸ்வீ சுரங்கங்கள் வழியாக. சுரங்கத்துக்குள் நெரிசலில் மாட்டினால் ஒதுங்க இடம் கிடையாது, அதனால் நுழைவதற்கு முன்பே சாலைப் பலகையைப் பார்த்துக்கொள்வோம். இரவு எட்டரைக்கு மேல் கிளம்பினால் இன்னும் நல்லது. நீங்கள் தாமதம் என்று நினைப்பது ரோட்டில் லாபம்தான்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது மருத்துவமனை வாசலில் இருக்கிற வேகத்தடை. அதில் நடை வேகத்துக்கும் கீழே ஏறுவேன், பின்னால் "தடை வருது" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான். குழாய் பிடித்திருப்பவர் பதில் சொன்ன பிறகு ஏறுவேன்.


சரண்யா_ஈசூன் | இரவு 9:32

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா எழுதியதைப் பெரியப்பாவுக்குப் போனில் அப்படியே வாசித்தேன். ஆக்சிஜன் கணக்கு வந்ததும், "ரெண்டு மடங்கு எடுத்துட்டுப் போறாங்களா" என்று திரும்பக் கேட்டார். அப்புறம் அண்ணியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

குழு எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டதாம், எங்களுக்குத்தான் தெரியவில்லை. மெஷின் மாட்டியாகிவிட்டது. அண்ணி உள்ளே போய்ப் பார்த்தார். அரைஞாண் கயிறு ஒரு ஜிப் பையில் போட்டு ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள், ஒரு மலாய் நர்ஸ் கொடுத்தார். இப்போது வண்டிக்குக் கொண்டுபோகிறார்கள்.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனால் அண்ணி மனதில் அது ஓடுகிறது: பில் எவ்வளவு வரும்? அண்ணன் சிங்கப்பூர் குடிமகன், அரசு மானியம் உள்ள பி2 வார்டு.


லதா_செங்காங் | இரவு 9:50

கேட்கலாம், தப்பே இல்லை. என் மாமனார் ஐசியூவில் இருந்தபோது இந்த அலைச்சல் எல்லாம் நான்தான் பட்டேன். இன்றிரவு ஒன்றும் செய்ய வேண்டாம். நாளைக் காலை புது மருத்துவமனையில் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று வார்டில் சொல்லுங்கள். மானிய நோயாளியாகவே தொடர்கிறார் என்று அட்மிஷன் தாளில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு. அதற்கு மேல் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம் எதுவும் எடுத்திருக்கிறாரா என்று அவருடைய ஏஜெண்டிடம் கேளுங்கள், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பில் யார் யாருடையதை எடுக்கலாம் என்றும் கேளுங்கள். எல்லாம் போய் மிச்சம் கட்ட முடியாவிட்டால் மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதி இருக்கிறது. அதற்கு அந்தச் சமூக ஊழியர்தான் விண்ணப்பிக்க வழி சொல்வார். அம்புலன்ஸ் பில் தனியாக வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.


கார்த்தி_துவாஸ் | இரவு 10:20

மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். என் ரூம்மேட்டுக்கும் இதே மாதிரி ஒரு நிலை. ஒர்க் பெர்மிட், புதுக்கோட்டைப் பக்கம். தங்கும் விடுதியில் மயங்கி விழுந்தார், மூளையில் ரத்தக் கசிவு, தலையில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கண் திறக்கிறார், ஆள் தெரியவில்லை. இன்னும் மெஷினில்தான் மூச்சு. ஊரில் அவர் அம்மா, "எப்படியாவது கொண்டாந்து சேத்துருங்கப்பா" என்கிறார். வென்டிலேட்டரோடு விமானத்தில் திருச்சிக்குக் கொண்டுபோக முடியுமா சிஸ்டர்?


மாலதி_சிஸ்டர் | இரவு 10:55

தம்பி, முடியும். விமான அம்புலன்ஸ் என்று சிறிய ஜெட்டில் டாக்டர், நர்ஸோடு கொண்டுபோகிறார்கள். இங்கிருந்து போகிறவை பலவும் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து கிளம்பும். ஆனால் சரண்யாவின் அண்ணன் பயணத்தைவிட இது வேறு மாதிரி.

பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். ஊட்டி சுமார் 7,300 அடி. நான்கு மணி நேரம் அவரை ஊட்டியில் படுக்க வைப்பது போல என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஆக்சிஜன் தேவை கூடும். அதைவிட முக்கியம், உடம்புக்குள் எங்காவது அடைபட்டிருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்குவரை விரியும். தலையில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு மண்டைக்குள் காற்று தங்கியிருக்கலாம். அது விரிந்தால் மூளையை அழுத்தும். அதனால் கிளம்பும் முன் புது சிடி ஸ்கேன் எடுத்து, காற்று இல்லை என்று நரம்பியல் அறுவை டாக்டர் எழுதித் தர வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று இருந்தால் குழாய் போட்டு எடுத்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். மூச்சு ட்யூபைத் தொண்டையில் நிறுத்தி வைக்கிற சின்னக் காற்றுப் பையும் மேலே போகப் போக உப்பும், அதன் அழுத்தத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்டைக்குள் காற்று மிச்சம் இருந்தும் போகத்தான் வேண்டும் என்றால் தாழ்வாகப் பறந்து உள்ளழுத்தத்தைத் தரைக்குச் சமமாக வைக்கலாம். எரிபொருள் அதிகம் குடிக்கும், செலவு ஏறும்.

தொண்டையில் துளை போட்டு ட்யூப் வைத்திருக்கிறார்களா? மூன்று வாரம் ஆனதால் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அது பயணத்துக்கு நல்லது, வாய் ட்யூபைவிட எளிதில் நழுவாது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அம்மா "வீட்டுக்கு" என்று சொல்கிறாரா, "ஆஸ்பத்திரிக்கு" என்று சொல்கிறாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். மெஷினில் மூச்சுவிடுகிற நோயாளியைத் திருச்சியிலோ மதுரையிலோ ஒரு ஐசியூ எடுத்துக்கொள்கிறேன் என்று எழுத்தில் சொன்னால்தான் இங்கிருந்து அனுப்புவார்கள். அங்கே எத்தனை மாதம் யார் செலவு செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். விமானத்துக்குக் காசு திரட்டி அனுப்பிவிட்டு, அங்கே பத்து நாளில் குடும்பம் திணறியதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். மெஷினிலிருந்து கழற்ற இங்கேயே இன்னும் இரண்டு வாரம் முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொன்னால், அந்த இரண்டு வாரத்தைக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் பேசுங்கள். தானாக மூச்சுவிடுகிற ஒருவரைக் கொண்டுபோவது எல்லா வகையிலும் சுலபம், பயண விமானத்திலேயே சீட்டுகளுக்கு மேல் ஸ்ட்ரெச்சர் போட்டுக் கொண்டுபோக வாய்ப்புண்டு.

செலவுக்கு முதலில் கம்பெனியிடம் போங்கள். 2023 ஜூலையிலிருந்து ஒர்க் பெர்மிட் ஊழியர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் எவ்வளவு மிச்சம், விமான அம்புலன்ஸ் அதில் அடங்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கம்பெனி இழுத்தடித்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போங்கள், மனிதவள அமைச்சிலும் சொல்லலாம். அவருடைய பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.


கார்த்தி_துவாஸ் | இரவு 11:08

பாஸ்போர்ட் அவர் பெட்டியில்தான் இருக்கிறது, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தொண்டையில் துளை போட்டிருக்கிறார்கள். சிடி ஸ்கேன் பற்றி நாளை டாக்டரிடம் கேட்கிறேன். அம்மாவிடம் நான் வீட்டுக்கா ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டதே இல்லை.


சரண்யா_ஈசூன் | இரவு 11:40

அக்கா, அண்ணன் வந்து சேர்ந்துவிட்டார். வழியில் ஒரு தடவை அழுத்தம் இறங்கியதாம், மருந்தைக் கூட்டிச் சரிசெய்துவிட்டோம் என்று டாக்டரே வந்து சொன்னார். ஆக்சிஜன் அளவு 93. மதியம் 82 இருந்தது. அண்ணி இன்னும் வெளியே உட்கார்ந்திருக்கிறார், எக்ஸ்ரே முடியவில்லை. இனி எவ்வளவு நாள் இந்த மெஷின்? பழைய மருத்துவமனைக்கே திரும்ப அனுப்புவார்களா?


மாலதி_சிஸ்டர் | இரவு 11:52

நல்ல சேதி சரண்யா. டாக்டரே வந்து அழுத்தம் இறங்கியதைச் சொன்னார் பாருங்கள், அந்தக் குழுவை நம்பலாம்.

நாள் கணக்கை யாராலும் இப்போது சொல்ல முடியாது. சிலருக்கு ஒரு வாரம், சிலருக்குப் பல வாரம். நுரையீரல் தேறுகிறதா என்று மெஷினின் ஆக்சிஜனைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் கொடுப்பதால் எங்கேயாவது ரத்தம் கசியலாம், மூக்கிலோ குழாய் போட்ட இடத்திலோ. அதைப் பார்த்து அண்ணி பயந்துவிட வேண்டாம், நர்ஸிடம் சொன்னால் போதும். குழாய் போட்ட காலின் பாதத்தை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்கள், சூடு இருக்கிறதா என்று.

எக்மோ எடுத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்ப அனுப்புவது உண்டு. அனுப்பினால் அவர் தேறிவிட்டார், இங்கே அடுத்த ஆளுக்குப் படுக்கை வேண்டும் என்று அர்த்தம். அப்போது யாரும் கைவிட்டதாக நினைக்க வேண்டாம். நாளை காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு வையுங்கள், வீட்டில் ஒரே ஆள் பேசுவது என்று முடிவு செய்து அந்த நம்பரைக் கொடுங்கள். அண்ணியை எக்ஸ்ரே முடிந்து பார்த்ததும் வீட்டுக்கு அனுப்பிச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.